டீலியாவிடம் இருந்த சாவி

படகுத்துறை ஓரத்து விடுமுறை வீட்டுக்கு எண் பூட்டு போடப்போகிறார்களாம். தபால்காரர் சொன்னதாகக் கடைக்காரர் ஃபெஸ்டி என்னிடம் சொன்னார்.

"அப்போ டீலியா?"

"அதான், வர்றவங்களே நம்பரைத் தட்டிட்டு உள்ள போயிக்குவாங்களே. பெருக்கித் துடைக்க டவுன்லேர்ந்து ஆள் வருமாம்." குரலைத் தாழ்த்தினார். "நீ போய் உளறிடாதே. ஊர்ல யாரும் அவகிட்ட வாயைத் திறக்கல."

டீலியா கானீலி பிறந்ததே அந்த வீட்டில்தான். அப்பா இறந்ததும் அண்ணன் அதை ஒரு டப்ளின்காரம்மாவுக்கு விற்றுவிட்டு பாஸ்டனுக்குப் போய்விட்டார். டீலியா மேட்டிலிருந்த ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனார். சாவி மட்டும் அவரிடமே தங்கிவிட்டது. கோடையில் விருந்தாளிகளுக்குப் படுக்கை விரித்து, சோடா ரொட்டி சுட்டு வைப்பார். குளிர்காலத்தில் யாரும் வரமாட்டார்கள். அப்போதும் தினமும் இறங்கிப் போய், சுவரில் ஈரம் ஏறாமலிருக்கக் கணப்பு மூட்டுவார். அறை சூடாகச் சற்று நேரம் போதும். டீலியா இருட்டும்வரை சன்னலோரம் உட்கார்ந்திருப்பார்.

மனம் கேட்காமல் அவர் வீட்டுக்குப் போனேன்.

"தெரியும் கண்ணு," என்றார், நான் தொடங்குமுன்பே. "என்னைப் பார்த்தா ஊரே மழையைப் பத்திப் பேசுது. செத்த வீட்டுலதான் இப்படிப் பேசுவாங்க."

டப்ளின்காரம்மா காலமாகி, லண்டனில் வளர்ந்த மகள் இமோஜன் கைக்கு வீடு வந்திருந்தது. ஈஸ்டர் சமயம் அவள் தொலைபேசியில் அழைத்து, வேலை சிரமமாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சிரமந்தான், நான் என்ன குமரியான்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பின்னே? கேட்டதும் ஓடிப்போய் ஒட்டிக்கிறதா? அவ அம்மாகிட்டயும் வருஷா வருஷம் இதைத்தான் சொன்னேன். 'ஐயோ டீலியா, நீங்க இல்லாம ஆகுமா'ம்பா. 'சரி, இந்த ஒரு வருஷம்'பேன். அப்படியே தலை நரைச்சிருச்சு."

இங்கே தேநீரைக்கூட இரண்டு முறை வேண்டாமென்று சொல்லிவிட்டுத்தான் வாங்குவார்கள். மூன்றாம் முறை கேட்காத வீட்டைப் பற்றி ஊர் பேசும். இமோஜன் ஒருமுறைதான் கேட்டாள்; சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். ஓய்வு எடுங்கள் என்று பூங்கொத்து வேறு அனுப்பியிருந்தாள். அது சுற்றிய தாள்கூடப் பிரிக்கப்படாமல் மேசையில் கிடந்தது.

"இப்பவே கூப்பிட்டு, எனக்கு வேணும்னு சொல்லுங்க."

"நானா? என்னைப் பத்தி என்ன நினைப்பா?"

"ஒண்ணும் நினைக்க மாட்டா. சொன்னாத்தான் அவளுக்குப் புரியும்."

"வெளியூர்க்காரி, உனக்கென்ன! சுலபமா சொல்லிட்டே."

பூட்டு மாட்டும் ஆள் நாளைக்கு வருகிறான். டீலியா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தொலைபேசியில் இமோஜனின் எண்களை அழுத்தினார். "எனக்கு அந்த வேலை வேணும்மா," என்று ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். முகம் காதுவரை சிவந்துவிட்டது.

"இவ்வளவு பச்சையாவா சொல்லணும்?"

"ஆமா."

மணி அடிக்கத் தொடங்கியது. டீலியா உட்காரவில்லை. மேலங்கிப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, யார் வீட்டு வாசலிலோ கேட்டு நிற்பதுபோல் நின்றார். லண்டனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.