ஓடுகிற முகத்துக்குப் பட்டுச்சேலை

மாவட்டப் போட்டிக்குப் பதினோரு நாள் இருக்கும்போது நான் வயதுக்கு வந்தேன். எட்டாம் வகுப்பு. நானூறு மீட்டரில் முதலாவதாக வந்து, தேனிக்குப் போகக் காத்திருந்தவள்.

வயிறு வலித்தது உண்மைதான். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் சரியாகவில்லை. தனித் தட்டு, தனிப் பாய், உளுந்தங்களி. எப்போது ஓடப் போவேன் என்று கேட்டால், அம்மா இன்னொரு உருண்டை களியைத் தட்டில் வைத்தாள்.

போட்டி நடக்கும் அதே நாளில் சடங்கு. தாய்மாமனுக்குத் திருப்பூரில் அன்றைக்குத்தான் லீவாம்.

பி.டி. சார் வீட்டுக்கு வந்து என்னைப் போட்டிக்கு அனுப்பும்படி கேட்டார். அப்பா மரியாதையாகக் காபி கொடுத்தார். "இனிமே பிள்ள டவுசர் போட்டு நாலு பேரு முன்னாடி ஓடுனா நல்லாவா இருக்கும்? நீங்களே சொல்லுங்க சார்," என்றார். சார் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். விசிலை ஊதி ஊரையே எழுப்புகிற மனுஷனுக்கு அன்றைக்கு நாக்கு எழவில்லை. அப்பாவைவிட அவர்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

எங்கள் காமயகவுண்டன்பட்டி பஸ் ஸ்டாப்பில் அப்பா சடங்குக்கு ஃபிளக்ஸ் வைத்தார். என் படம் என்று இருந்தது ஒன்றுதான், ஓடி வந்து எல்லைக் கோட்டைத் தொடும்போது சார் போனில் எடுத்தது. ஸ்டுடியோக்காரர் என் தலையை மட்டும் வெட்டி, யாரோ ஒருத்தியின் பட்டுச்சேலை உடம்பில் ஒட்டிவிட்டார். பல்லைக் கடித்து, மூக்கு விடைத்து, வேர்வை வழிய ஓடுகிற முகம், கீழே ஒட்டியாணம். டவுன் பஸ்ஸில் போனவர்களெல்லாம் பார்த்தார்கள். என் கால்கள் எங்கே போயின என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

தேனிக்கு நான் போகவில்லை. சடங்கு முடிந்து பள்ளிக்கூடம் போனதும், பி.டி. பீரியடில் மைதானத்துக்கு முதல் ஆளாக ஓடினேன். சார் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீயும் அங்கன போயி உக்காருத்தா," என்று புங்கமரத்தைக் காட்டினார்.

அங்கே பெரிய வகுப்புப் பெண்கள் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்களைச் சோம்பேறிக் கழுதைகள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே மைதானத்தைச் சுற்றி வந்தவள் நான். எவளும் சோம்பலால் உட்காரவில்லை என்று முட்டாள் சிறுக்கி எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பத்தாம் வகுப்புக்காரி ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள்.

"அழுகாத. எட்டாப்புல நானும் நானூறுக்குத் தேனிக்குப் போக இருந்தவதான்."

அவள் ஓடியவள் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவர்கூட என்னிடம் சொன்னதில்லை.