கல்யாணப் பெட்டிகளை வெட்டிய வாரம்

எங்கள் பெரியப்பா பாலக்கரையில் டிரங்குப் பெட்டிப் பட்டறை வைத்திருந்தார். பட்டறைக்குப் பின்னால் கிடங்கு. அதில் தரையிலிருந்து ஓடு வரைக்கும் பெரிய பெரிய கல்யாணப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். மூடிகளில் தாமரையும் கிளியுமாக வர்ணம் அடித்தவர் பட்டறையில் வேலை செய்த எங்கள் பாய். எனக்கென்று ஒரு பெட்டியில் மயில் போட்டு, "பாப்பா, இது உன் கல்யாணத்துக்கு" என்று சொல்லியிருந்தார்.

லால்குடி, திருவெள்ளறைப் பக்கத்துப் பெண் வீட்டுக்காரர்கள் தை பிறந்ததும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள் என்று மார்கழி முழுக்கப் பெட்டி செய்து அடுக்குவது பெரியப்பாவின் வழக்கம். இரண்டு வருஷமாக அவர்கள் பீரோவுக்கு மாறிவிட்டார்கள். பெரியப்பா மாறவில்லை. "கிடங்கு நிறைஞ்சிருந்தாத்தாங்க தொழில் நல்லாருக்குன்னு அர்த்தம்" என்பார் வருகிறவர்களிடம். எட்டு வயதில் நானும் அதை அப்படியே நம்பினேன். திருச்சியிலேயே எங்களைவிடப் பணக்காரர்கள் கிடையாது என்று ஸ்கூலில் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

வைகாசியில் ஒரு ஹாஸ்டலிலிருந்து ஆர்டர் வந்தது. ஸ்கூல் திறப்பதற்குள் நாற்பது சின்னப் பெட்டி வேண்டுமாம். பெரியப்பா சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்து பார்த்தால், பட்டறையில் ஒரு தகடுகூட இல்லை. வாங்கிய தகடெல்லாம் கிடங்கில் பெட்டியாக நின்றது. அப்போது பெர்மிட் இருந்தால்தான் தகடு. அடுத்தது வர ஆடி ஆகும். வேறு ஆர்டரும் கையில் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆட்கள் ஆறு பேரையும் கூப்பிட்டு, "திங்கக்கிழமை வரவேணாம்ப்பா. மறுபடி எப்பன்னு எனக்கே தெரியலை" என்றார். பாய் பிரஷ்களைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். அவருக்கு லீவு கிடைத்ததே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

பெரியம்மா அப்போது பழைய பாவாடை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "பெரிசைப் பிரிச்சுத்தான் சின்னதுக்குத் தைக்கிறேன். அந்தப் பெட்டிங்களையும் பிரிச்சா தகடுதானேங்க?" என்று கேட்டாள்.

"செஞ்சு முடிச்ச பெட்டியை எவனாவது வெட்டுவானா?" என்று பெரியப்பா குதித்தார். சாப்பிடாமல் படுத்துவிட்டார். ஆனால் மறுநாள் காலையில் தகடு வெட்டும் கத்தரியோடு முதல் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தது அவரேதான். ஆட்களுக்குச் சொல்லியனுப்பினார்.

அந்த வாரம் முழுக்க வெட்டலும் தட்டலும்தான். பூப்போட்ட பக்கத்தை உள்ளே திருப்பி, வெளியே கறுப்பு வர்ணம் அடித்தார்கள். கடைசி நாள் முப்பத்தெட்டு முடிந்தது. இரண்டு குறைந்தது. மிச்சமிருந்த ஒரே பெட்டி என் மயில் பெட்டி. நான் ஓடிப்போய் அதற்குள் ஏறி உட்கார்ந்துகொண்டேன். பெரியப்பா அதட்டினார், கெஞ்சினார். வெளியே வண்டி காத்திருந்தது.

பாய்தான் என் பக்கத்தில் வந்து குந்தினார். "எறங்கும்மா. மயிலை அழிக்க மாட்டேன். உள்பக்கமா வச்சுடறேன்."

இறங்கினேன். இறங்கும்போது அவர் கையை நன்றாகக் கிள்ளினேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

நாற்பது பெட்டியும் போயின. பெரியப்பா கிடங்கைப் பெருக்கச் சொல்லி, வெறும் தரையில் துண்டை விரித்து, பட்டப்பகலில் குறட்டைவிட்டுத் தூங்கினார். பாவம், மனசு உடைந்து படுத்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஸ்கூல் திறந்த அன்றே, நாங்கள் ஏழையாகிவிட்டோம், கிடங்கில் ஒன்றுமே இல்லை என்று அழுதுகொண்டே எல்லோரிடமும் சொன்னேன். பக்கத்துப் பெண் மனம் இளகித் தன் இரண்டு இட்லியில் ஒன்றைக் கொடுத்தாள். அழுகையோடு அழுகையாக அதையும் சாப்பிட்டேன்.

சாயங்காலம் வீடு திரும்பும்போது தெருமுனைக்கே சுத்தியல் சத்தம் கேட்டது. ஹாஸ்டல்காரர் இன்னும் பத்துப் பெட்டி கேட்டு, அங்கே உடைந்து கிடந்த பழைய பெட்டிகளையும் அனுப்பியிருந்தாராம்; அந்தத் தகட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எல்லாம் போன பிறகு இந்த ஆறு பேரும் எதற்காக இத்தனை உற்சாகமாகத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே எரிச்சலாக இருந்தது.