பீரங்கி மேடமும் கொசுத் தோட்டாவும்

துப்பாக்கி கிளப்பில் இருபது வருடமாகக் கோச். முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவள் பீரங்கி மேடம். கைக்கு அடங்காத பெரிய ரிவால்வரைத் தவிர எதையும் மதிக்க மாட்டாள். பாயின்ட் டூ டூ ரகச் சின்னத் தோட்டாவைக் கண்டால் "இது தோட்டாவா, கொசுவா?" என்பாள்.

போன வருடம் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. இனி கை அதிரக்கூடாது என்றார் டாக்டர். வேலை நீடிக்க வருடாந்திரத் தேர்வில் ஆறு குண்டில் அறுபதுக்கு நாற்பத்தைந்து எடுத்தாக வேண்டும். வேறு வழியில்லாமல் கொசுவிடமே வந்து சேர்ந்தாள்.

கொசு அப்படியொன்றும் மோசமில்லை. விலை மலிவு, சத்தம் கம்மி, நாள் முழுக்கச் சுட்டாலும் கை வலிக்காது. ஆனால் இரும்புத் தகட்டில் பட்டால் தகடு அசைந்துகூடக் கொடுக்காது. விரலெல்லாம் கரி. பத்துப் பெட்டிக்கு ஒரு தோட்டாவாவது வெடிக்காமல் மானத்தை வாங்கும். கட்டைவிரலில் வலு இல்லாததால் தேர்வன்று தோட்டா போட்டுத்தர மகள் வந்திருந்தாள். கை நடுங்குகிறது என்று அம்மா வாயில் வந்தபடி திட்டியதில், எட்டு வருடம் முன்பு துப்பாக்கியைக் கீழே வைத்த மகள்.

தேர்வில் ஐந்து குண்டுக்கு முப்பத்தேழு. வழக்கம்போல எல்லாமே நடுப்புள்ளிக்கு ஒரு விரற்கடை கீழே. "துப்பாக்கில குறிமுள் சரியில்ல" என்றாள், இருபது வருடமாகச் சொல்வதுபோல. ஆறாவது குண்டுக்குக் குறைந்தது எட்டு வேண்டும். விசையை இழுத்தாள்.

'டிக்.' அவ்வளவுதான்.

தோட்டா வெடிக்கவில்லை. ஆனால் குழல் தானாகத் தலைகுனிந்தது. அதிர்வுக்குப் பயந்து கை முன்கூட்டியே இறங்கியிருக்கிறது. பெரிய தோட்டாவின் குதியாட்டத்தில் இத்தனை வருடம் மறைந்து கிடந்த நடுக்கம். வெடிக்காத தோட்டா தாமதமாக வெடிக்கலாம் என்பதால் இலக்கை நோக்கியே அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். அந்த அரை நிமிடமும் பீரங்கி மேடத்துக்கு வியர்த்து ஊற்றியது. மகள் பார்த்துவிட்டாள் என்பது திரும்பாமலே தெரிந்தது.

விதிப்படி மறுவாய்ப்பு. மகள் புதுத் தோட்டா போட்டாள். இந்த முறை அம்மா விசையை மெதுவாக, மிக மெதுவாக இழுத்தாள். ஒன்பது.

"பீரங்கி பீரங்கிதான்!" கிளப் செயலாளர் ஆர்ப்பாட்டமாகக் கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்.

"உன்னத் தொடைநடுங்கின்னு சொன்னேன்ல," என்றாள் அம்மா. "நான்தான்டீ அது."

மகள் விரல் கரியைக் கைக்குட்டையில் துடைத்தாள். "பார்த்தேம்மா." பிறகு காதுக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். "எனக்கு ஒரு ஆறு போட்டுக்கொடு."

வலுவில்லாத கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி ஆறு கொசுவையும் உள்ளே அனுப்ப வெகுநேரம் பிடித்தது. மகள் அவசரப்படுத்தவில்லை. நடுங்காதே என்று அம்மாவும் சொல்லவில்லை.