வட்டி வராத கணக்கு

கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தபோது என் பேரில் ஒரு சேமிப்புக் கணக்குதான் இருந்தது. என் வீட்டுக்காரர் அனல் மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை. அவர் போனபிறகு எனக்குப் பொழுது போகவில்லை. பண்ருட்டி மொத்தக் கடையில் உடைந்த முந்திரி வாங்கிவந்து, பொட்டலம் போட்டு எங்கள் பிளாக்கில் விற்கத் தொடங்கினேன். பொட்டலத்தில் ஒட்ட ஒரு பெயரும் வைத்தேன். தீபாவளிக்கு ஒரு இனிப்புக் கடைக்காரர் மொத்தமாக வாங்கி, அந்தப் பெயருக்கே செக் எழுதிவிட்டார்.

வங்கியில் அதிகாரி செக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத உங்க சேவிங்ஸ்ல போட முடியாதும்மா. வியாபாரப் பேர்ல கரண்ட் அக்கவுண்ட் திறக்கணும்."

வீட்டில் சொன்னேன். "ஊருக்கே நாங்க கரண்ட் எடுத்துக் குடுக்கோம். உனக்குத் தனியா ஒண்ணு வேணுமாக்கும்?" என்று அவர் சிரித்தார். ஆனாலும் கூட வந்தார்.

செக் புத்தகம் கையில் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. விற்ற பணம் எல்லாவற்றையும் அதிலேயே போட்டேன். சில மாதம் கழித்துப் பார்த்தால் சேமிப்புக் கணக்கில் வட்டி ஏறியிருந்தது, இதில் ஒரு பைசா ஏறவில்லை. ஒரே வங்கி, ஒரே கவுண்டர், ஒரே பணம். ஏன்?

"இதுக்கு வட்டி கிடையாதும்மா," என்றார் அதிகாரி. "எத்தன தடவ வேணும்னாலும் எடுக்கலாம். அந்த வசதிக்குத்தான்."

"நான் எடுக்காத நாள்ல என் பணம் என்ன பண்ணுது?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "நாளைக்கே நீங்க வந்து முழுசும் கேக்கலாம். அதனால அத நம்பி நாங்க யாருக்கும் நீண்ட காலக் கடன் குடுக்க முடியாது."

சரியாகத்தான் பட்டது. ஆனால் சும்மா கிடக்கும் பணத்தை நினைத்தால் மனசு கேட்கவில்லை. செலவுக்கு இவ்வளவு போதும் என்று நானே ஒரு கணக்குப் போட்டு, மீதியைச் சேமிப்புக்கு மாற்றினேன். என் கணக்கு தப்பு. பண்ருட்டிக்காரருக்குக் கொடுத்த செக், பணம் போதாது என்று திரும்பிவிட்டது.

மறுநாளே ரொக்கத்தோடு பண்ருட்டிக்கு பஸ் ஏறினேன்.

"இப்பத்தான் உங்களப் பத்திப் பேசிக்கினு இருந்தேன்," என்றார் முந்திரிக் கடைக்காரர். குரலில் கோபமில்லை. "வூட்டுக்காரரு செக்குங்களா?"

"இல்லைங்க, என்னுது. பணம் இன்னொரு கணக்குல இருந்துச்சு."

அவர் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். முந்திரி தரம் பிரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி, கையில் தோல் ஒட்டியபடி வந்தார். திரும்பிவந்த அந்தச் செக்கை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்தா? வூட்டுக்காரரு போட வாணாமா?"

"வேண்டாம்."

"ரெண்டு கணக்குன்னீங்களே, எதுல வட்டி வரும்?"

சொன்னேன். எவ்வளவு போட்டால் திறப்பார்கள், யார் சொன்னால் திறப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் வங்கியில் கேட்டதைவிட அதிகம் கேட்டார். அந்த வங்கியில் ஏற்கெனவே கணக்குள்ள ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். அவர் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் தராசைப் பார்த்தார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் என் குவார்ட்டர்ஸ் கதவு தட்டப்பட்டது. நல்ல புடவை கட்டி, மஞ்சள் பையோடு கடைக்காரர் மனைவி நின்றார்.

"எங்க ஊரு பேங்க்ல எல்லாரும் எங்க வூட்டுக்காரருக்குத் தெரிஞ்சவங்க, அவரு காதுக்குப் போயிடும்," என்றார். "நீங்க போடுங்க கையெழுத்து."

அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன்.