பட்சி பார்க்கிறவர்

என் வீட்டுக்காரர் செங்கல்வராயன் கரண்டு ஆபீசில் மீட்டர் கணக்கெடுக்கிறவர். வீடு செங்கல்பட்டில், வேலை மாமல்லபுரம் பக்கத்து ஊர்களில். வேலை முடிந்தால் நேராக வீடு திரும்பும் மனுஷன் இல்லை. மூர் மார்க்கெட்டில் வாங்கின பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கழிமுகத்து ஓரம் உட்கார்ந்துவிடுவார்.

யாராவது கேட்டால், குருவி பார்க்கிறேன் என்று சொல்லித் தொலைக்கக் கூடாதா? குருவி என்றால் சுட்டுத் தின்ன வந்தவன் என்று நினைத்துக்கொள்வார்களாம். அதனால் மரியாதையாக "பட்சி பாக்கறேன்" என்பார். அந்த மரியாதைதான் வினையாயிற்று. எங்கள் பக்கத்தில் பட்சி பார்க்கிறவர் என்றால் ஜோசியர். வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்று ஐந்து பட்சிகளில் எது எந்த நேரத்தில் ஆளுகிறது, எது சாகிறது என்று கணித்து நல்லது கெட்டது சொல்கிறவர். குப்பத்து ஜனங்கள் இவரைக் கண்டாலே கும்பிட ஆரம்பித்தார்கள். நான் அவனில்லை என்று சொல்லிச் சொல்லி இவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

எழுபத்தாறாம் வருஷம் எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தவர், வாசலிலேயே செருப்போடு உட்கார்ந்துவிட்டார். பார்வை ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வருகிறதாம். போனது திரும்பாது, மிச்சமும் அதிக நாள் நிற்காது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம். மேட்டுப்பாளையம், கோத்தகிரி, முதுமலை, டாப்ஸ்லிப், தேக்கடி. தரையில் ஊர் வழி காட்டும் படத்தை விரித்து அதன் மேல் கவிழ்ந்துகிடந்தார். மலைக்காட்டில் இருவாச்சி என்று ஒரு பறவையாம். அலகுக்கு மேல் இன்னொரு அலகு வைத்தாற்போல் இருக்குமாம், பறந்தால் ரயில் எஞ்சின் மாதிரி மூச்சு விடுமாம். கண் இருக்கும்போதே அதைப் பார்த்துவிட வேண்டும்.

"வேடந்தாங்கல்ல இல்லாத பறவையா? கழுகு வேணும்னா திருக்கழுக்குன்றம் கீது" என்று நான் சீண்டினேன்.

"அதெல்லாம் பாத்தாச்சுடி. இத மட்டும் பாத்துட்றேன். அப்பறம் இருட்டினாலும் இருட்டட்டும்."

படத்தின் ஓரத்து ஊர்கள் அவருக்குத் தெரியாமல் போக ஆரம்பித்தன. கண்ணுக்குள் அடங்கட்டும் என்று அதை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டார்.

ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கினார். கிளம்ப இருந்த நேரத்தில் புயல் வந்தது. அது ஓய்ந்து, நாங்கள் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்த அன்று, குப்பத்திலிருந்து பூவாயி என்று ஒருத்தி வந்து இவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"என் வூட்டுக்காரு புயலுக்கு முந்தி கட்டுமரத்துல போச்சு சாமி. இன்னும் வர்ல. வருமா வராதான்னு பட்சி பாத்து சொல்லு."

"எனக்கு அந்தப் பட்சி தெரியாதும்மா. நான் காட்டுல பறக்கறத பாக்கறவன்."

"எல்லாரும் சொல்றாங்க, நீ மறைக்கிற. கெட்டதா இருந்தாலும் சொல்லிடு."

காலை விடவில்லை. ரயிலுக்கு நேரமாயிற்று. இவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "வல்லூறு அரசுல கீதும்மா. வந்துடுவான். போய் உலைய வையி" என்றார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். இவர் வாயிலிருந்து அப்படி ஒரு பொய் வந்து நான் கேட்டதே இல்லை.

மெட்ராசுக்குப் போய் அங்கிருந்து மேட்டுப்பாளையம் வண்டி பிடிக்க ஏற்பாடு. ஜன்னல் சீட்டு கிடைத்தும் இவர் வெளியே பார்க்கவில்லை. "இந்நேரம் உலை வெச்சிருப்பா" என்றார் ஒருதரம். சிங்கப்பெருமாள் கோயிலில் வண்டி நின்றதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இந்த லீவு இன்னொருவாட்டி கிடைக்காது. உங்க கண்ணு காத்துகினு இருக்குமா?" என்று பிளாட்பாரத்திலேயே கத்தினேன்.

"வருவான்னு சொன்னது நான்தானே" என்றார்.

பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போனோம். பூவாயி புருஷன்கூடப் போன கட்டுமரத்துக்காரர்களின் பெண்சாதிகள் மணலில் விழுந்து அழுதுகொண்டிருந்தார்கள். பூவாயி மட்டும் அழவில்லை. குடிசை வாசலில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "பாருங்கடி, சாமியே வந்துகீது" என்று எழுந்து வந்தாள்.

"நான் சொன்னது பொய்ம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் இவர்.

அவள் கேட்டாளா, கேட்காத மாதிரி இருந்தாளா, தெரியவில்லை. "உன் வாய் பொய் சொல்லும் சாமி. பட்சி சொல்லாது" என்றாள்.

இவர் கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றி நீட்டினார். "நீயே பாரும்மா."

அவள் அதைத் தொடவில்லை. "எனக்கு இன்னாத்துக்கு இது? கண்ணு உனக்குத்தான் கீது. நீ பாரு."

இவர் அதைக் கண்ணில் வைத்துக்கொண்டார். கடலைத் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு முனையிலிருந்து மறுமுனை, மறுபடி முதலிலிருந்து. அன்றைக்கு மட்டுமில்லை, வாங்கின லீவு மொத்தமும் அந்த மணலிலேயே தீர்ந்தது. நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். நான் அழுதது அவர் கண்ணில் படவில்லை.