குணம் அண்ணையின் ஒஸ்ரினுக்கு எஞ்சின் மாற்றிய கதை

பழைய வாகனம் திருத்துகிற தொழிலில், வாகனத்தைத் திருத்துவது சின்ன வேலை. அதற்கு உரிமை கொண்டாடுகிற சொந்தக்காரரைச் சமாளிப்பதுதான் பெரிய வேலை. வீட்டில் ஒரு மொறிஸ் மைனரையோ ஒஸ்ரினையோ வைத்துக்கொண்டு, இன்றைக்கு இது ஸ்டார்ட் வருமா வராதா என்று காலையில் நெஞ்சு படபடக்கிறவர்களுக்கும், அதன் கீழே மல்லாந்து கிடந்து மூஞ்சியில் ஒயில் வாங்குகிற என் சக மெக்கானிக்மாருக்கும் நான் சொல்லப்போவது விளங்கும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

என் கராச் உரும்பிராயில் இருக்கிறது. அங்கே நெடுங்காலமாக வருகிறவர் குணம் அண்ணை. தகப்பன் விட்டுப்போன ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார் ஒன்று அவரிடம் உண்டு. கலியாண வீடுகளுக்கு மாப்பிள்ளை, பொம்பிளை ஏற்றுவதுதான் அதன் வேலை. குணம் அண்ணை வீட்டில் உலை கொதிப்பதும் அதனால்தான். அந்தக் காரின் எஞ்சினை மாற்றுவதா, விடுவதா என்ற கேள்வி எப்படி ஒரு குடும்ப வழக்காக மாறியது என்பதைச் சொல்கிறேன்.

வெங்காயத்தோடு வந்த மாப்பிள்ளை

ஆவணி மாதத்து நல்ல நாள் ஒன்று. கோப்பாயில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு அச்சுவேலி மண்டபத்துக்குப் புறப்பட்ட ஒஸ்ரின், நீர்வேலி தாண்டியதும் நீலப்புகையாகக் கக்கிவிட்டு நின்றுவிட்டது. குணம் அண்ணை எனக்குப் போன் எடுத்தார். நான் போய்ச் சேர்வதற்குள் முகூர்த்தம் நெருங்கிவிட்டது. மாப்பிள்ளையை அழைத்துவரப் போன தோழன், அதாவது பொம்பிளையின் தம்பி, சந்தைக்கு வெங்காயம் ஏற்றிப்போன ஒரு லாண்ட்மாஸ்டர் உழவுயந்திரத்தை மறித்து, மாப்பிள்ளையைப் பின் பெட்டியில் மூட்டைகளுக்கு மேலே ஏற்றிவிட்டான். தலைப்பாகையை ஒரு கையாலும் மூட்டையை மறு கையாலும் பிடித்தபடி மாப்பிள்ளை போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்பதற்காகக் குணம் அண்ணையை என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பின்னாலே போனேன். வாசலில் தோழன் மாப்பிள்ளையின் காலைக் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீரோடு வெங்காயச் சருகும் சேர்ந்து ஓடியது. பொம்பிளையின் தகப்பன் அதைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னார்:

"நாங்கள் மாப்பிளையைத்தான் கேட்டனாங்கள். வெங்காயத்துக்கு ஆர் ஓடர் குடுத்தது?"

கனடாவில் கேட்ட சத்தம்

அடுத்த நாள் எஞ்சினைத் திறந்து பார்த்தேன். முந்தியே பலமுறை சிலிண்டர் துளையைப் பெருப்பித்துப் பெருப்பித்து, இனிக் கடைவதற்கு இரும்பு இல்லை. ஜப்பான் வான் ஒன்றின் டீசல் எஞ்சினை எடுத்து வைத்தால் கன காலத்துக்கு நிம்மதி என்று சொன்னேன். குணம் அண்ணைக்கு அரை மனம். ஆனால் கனடாவில் இருக்கிற தம்பி பாலனைக் கேட்காமல் முடியாது என்றார். காரை ஓட்டுவதும் கழுவுவதும் தள்ளுவதும் அண்ணன். அதைப் பற்றி முடிவெடுப்பது தம்பி. எங்கள் ஊரில் இது புதினமில்லை.

வீடியோவில் வந்த பாலன், யுத்த காலத்துப் பெருமையில் தொடங்கினார். பெற்றோல் இல்லாத அந்த நாளில் இரண்டு சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினாம். ஐயா, எஞ்சினைத் தின்றதே அந்த மண்ணெண்ணெய்தான், எரியாததெல்லாம் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கிவிட்டது என்று நான் சொன்னது கனடாவுக்குப் போய்ச் சேரவில்லை. ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். அது சுருட்டுக்காரக் கிழவனைப்போல இருமத் தொடங்க, நான் குந்தியிருந்து போனை அதன் பக்கத்தில் பிடித்தேன். பாலன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கண் கலங்கி என்னிடம் சொன்னார்:

"தம்பி, உது எஞ்சின் இல்லை. எங்கடை அப்பா கதைக்கிறார். அதிலை கை வைச்சிடாதையும்."

தேவனின் குலுக்கல்

அவருடைய அப்பாவை எனக்குத் தெரியும். அந்த மனிதர் அப்படி இருமியதில்லை. இருந்தாலும் தம்பியிடம் எடுத்துச் சொல்லக் குணம் அண்ணைக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. நெல்லியடியில் தேவன் என்பவர் தன்னுடைய மொறிஸுக்கு டீசல் எஞ்சின் வைத்துக் கலியாணங்களுக்கு ஓடுகிறார். போய்ப் பார்த்தோம். ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

எஞ்சின் மாற்றச் சொன்ன நானே வெட்கப்பட்டேன். எந்தக் கைகாரன் பூட்டினானோ, ரப்பர் வைக்கவேண்டிய இடத்தில் ரயர்த்துண்டு வைத்திருந்தான். கண்ணாடியில் என் முகம் மூன்றாகத் தெரிந்தது. கதவின் கைபிடி கழன்று குணம் அண்ணையின் கையோடு வந்தது. பொம்பிளை வீட்டார் ஒன்றும் சொல்வதில்லையா என்று அண்ணை கேட்டார். தேவன் கைபிடியை வாங்கித் தன்னுடைய பொக்கற்றில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"குலுக்கத்திலை பொம்பிளையின்ரை தலைப்பூ மடியிலை விழும், ஓம். ஆனால் நான் ஒரு நாளும் தாலிக்குப் பிந்திப் போகேல்லை, அண்ணை."

வல்லை வெளி

குணம் அண்ணைக்குத் தம்பியை எதிர்க்கத் துணிவில்லை. பழைய எஞ்சினுக்கே புது பிஸ்டன் ரிங் போட்டுச் சமாளித்துத் தரச் சொன்னார். மனமில்லாமல் செய்தேன். அதற்குள் வெங்காயக் கதை ஊரெல்லாம் பரவி, அவருக்கு வரவேண்டிய கலியாணங்கள் ஒவ்வொன்றாகத் தேவனிடம் போய்விட்டன. முழங்கால் நோவோடு அந்தக் காரைத் தள்ளித் தள்ளி மனிதர் பாதியாய்ப் போனார். புது வாகனம் வாங்குவதை இந்தக் காலத்து விலையில் நினைக்கவே ஏலாது.

அந்த நேரம் பார்த்துப் பாலன் கனடாவில் இருந்து வந்தார். நெல்லியடியில் ஒரு சொந்தக்காரக் கலியாணம். அப்பாவின் காரில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். நோயாளியோடு டொக்டரைக் கூட்டிப்போவதுபோல என்னைப் பின் சீற்றில் இருத்தினார்கள். பட்டு வேட்டி சால்வையோடு முன்னுக்கு இருந்து பாலன் வழிநெடுக வீடியோ எடுத்தார். வல்லை வெளியின் நடுவில், மரமும் வீடும் இல்லாத இடமாகப் பார்த்து, ஒஸ்ரின் நின்றது. பாலன் இறங்கி அதையும் வீடியோ எடுத்தார். போன் தள்ளாது, கைதான் தள்ளும் என்று சொன்னேன். குணம் அண்ணை ஸ்டியறிங்கில் இருக்க, நானும் பாலனும் எதிர்க்காற்றில் தள்ளினோம். எஞ்சின் ஒரு முறை வெடித்து, வயிற்றில் இருந்த கரியையெல்லாம் பட்டு வேட்டியில் கொட்டிவிட்டு ஓய்ந்தது.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. உங்கள் அண்ணன் இந்த வேலையைத் தினமும் செய்கிறார், முழங்காலும் போய், உழைப்பும் போய் நிற்கிறார் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் வேட்டியைத்தான் பார்த்தார். வழியில் வந்த ஓட்டோவை மறித்து ஏறி வசதியாக இருந்தபிறகு, தலையை வெளியே நீட்டினார்:

"அண்ணை, இந்தச் சனியனை ஏன் இவ்வளவு காலமும் மாத்தாமல் வைச்சிருந்தனீங்கள்?"

விறாந்தையில் ஒரு மரியாதை

எஞ்சினை மாற்றினேன். தேவனின் கார்போல ஆடாமல் இருக்கப் பொருத்தமான ரப்பர் தேடி அலைந்து பூட்டினேன். மாசி மாதத்துக் கலியாணங்களில் குணம் அண்ணைக்கு மறுபடி அழைப்பு வரத் தொடங்கியது. சத்தம் முந்தினமாதிரி இல்லை என்று படம் பிடிக்கிறவர்கள் குறை சொன்னார்கள். அண்ணை கேட்காதமாதிரி இருந்துகொண்டார்.

ஆனால் பாலனுக்கு மனம் ஆறவில்லை. கனடாவுக்குத் திரும்புவதற்கு முன், பழைய எஞ்சினை இரும்புக்குக் கொடுக்கக்கூடாது என்று தடுத்து, வெள்ளிப் பெயின்ற் அடிப்பித்து, விறாந்தையில் சீமெந்துக் கட்டின்மேல் ஏற்றினார். தகப்பனின் பெயர் வெட்டிய பித்தளைத் தகடு, சந்தனப் பொட்டு, ஆளுயர மாலை. படம் எடுத்து அனுப்ப, வெளிநாட்டுச் சொந்தங்கள் எல்லாம் உருகிப்போனார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். குணம் அண்ணையின் மனைவி புஷ்பம் அக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்து, அந்த மாலையைப் பார்த்தார். மாமனார் கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோது தனியாளாகப் பார்த்தவர் அவர்தான். பாலனிடம் கோப்பையை நீட்டியபடி சொன்னார்:

"ஓடேக்கை ஒரு சொட்டு ஒயிலுக்குக் கேள்வியில்லை, நிண்டாப்பிறகு மாலை. மாமாவுக்கும் நீங்கள் இப்பிடித்தானே செய்தனீங்கள்."

எஞ்சினை மாற்றலாமா என்று இப்போது யாராவது வந்து கேட்டால், தீர்ப்புச் சொல்கிறது யார், தள்ளுகிறது யார் என்று விசாரித்துவிட்டுத்தான் நான் ஸ்பனரையே கையில் எடுக்கிறேன்.