அறையில் இரைச்சல் அதிகம்

கடைத்தெருவில் அவரைப் பாம்புச்செவி என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு வீடாகப் போய் ஹோம் தியேட்டர் மாட்டிக் கொடுப்பது தொழில். ஆறு ஸ்பீக்கரில் ஒன்றில் ஒயர் லேசாகத் தளர்ந்திருந்தாலும் வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட காதுக்கு, மனைவி இறந்துபோனதிலிருந்து சொந்த வீட்டில் வேலையே இல்லை. கதவைத் திறந்தால் ஒரு பொட்டுச் சத்தம் கிடையாது. அவள் இன்னும் எங்கேயாவது ஒரு மூலையில் இருக்கிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேய் பிசாசையெல்லாம் நம்புகிறீர்களா என்று யாராவது கேட்டால் சிரிப்பார். ஆனால் அப்படி உட்கார்ந்திருப்பதை மட்டும் விடவில்லை.

இந்த நிலையில்தான் டீச்சரம்மா வீட்டு வேலை வந்தது. ஓய்வுபெற்றவர், தனியாக இருக்கிறார். மகன் அனுப்பிய புது செட். அதோடு வந்த டிஸ்க் பிளேயரை எவனோ ஓர் அவசரக்குடுக்கை நேராக டிவியில் சொருகிவிட்டுப் போயிருந்தான். படம் ஓடியது. சுற்றி நின்ற ஸ்பீக்கர்கள் மட்டும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றன. பாம்புச்செவி அந்த ஒயரைப் பிடுங்கி பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தார். ஆம்ப்ளிஃபயரிலிருந்து டிவிக்கு இன்னொன்று. பெரிய வித்தையெல்லாம் இல்லை.

மிச்சமிருந்தது அளவெடுக்கிற வேலை. கேட்பவர் உட்காரும் இடத்தில், காது உயரத்துக்கு ஒரு சின்ன மைக்கை நிறுத்த வேண்டும். ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாக ‘உஸ்’ஸென்று ஊதும். மைக் வழியாக அதைக் கேட்டு, ஆம்ப்ளிஃபயர் தானே எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளும்.

“எங்க உக்காந்து கேப்பீங்க, டீச்சரம்மா?”

“அந்த நாற்காலிக்கு வெச்சிடுங்க தம்பி. நான் எங்க உக்காந்தா என்ன? பாட்டுன்னா அவருக்குத்தான் உயிர்.”

அந்த ‘அவர்’ சுவரில் படமாக இருந்தார். பாம்புச்செவிக்கு வேலை கொடுத்தவர் காட்டிய இடம்தான் இடம். மைக்கை நாற்காலியில் நிறுத்திப் பொத்தானை அழுத்தினார். டிவியில் எழுத்து வந்தது: ‘அறையில் இரைச்சல் அதிகம். மீண்டும் முயலவும்.’

ஃபேனை நிறுத்தினார். ஃபிரிட்ஜை அணைத்தார். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி அடுத்த அறையில் கொண்டுபோய் வைத்தார். இரைச்சல் அதிகம். மைக்கை சோபாவுக்கு மாற்றினால் மெஷின் சமர்த்தாக வேலையை முடித்தது. நாற்காலிக்குத் திரும்பினால் பழைய குருடி கதவைத் திறடி. கடைசியில் தன் காதையே நாற்காலிக்குக் கிட்டே கொண்டுபோனார். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. கன்னத்தில் மட்டும், யாரோ மூச்சு விட்டது போல லேசான சூடு பட்டது. விருட்டென்று நிமிர்ந்துவிட்டார்.

டீச்சரம்மாவுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. “தொண்டையைச் செருமிக்கிட்டே இருப்பாரு தம்பி. ஒரு பள்ளிக்கூடத்தையே அடக்கிடலாம், இவரை அடக்க முடியாது,” என்றவர், நாற்காலியின் பக்கம் திரும்பினார். “ஏங்க, தம்பி வேலை செய்யுறாருல்ல? கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்.”

முதல் ஸ்பீக்கர் ஊதியது. அடுத்தது ஊதியது. மெஷின் அளவெடுத்து முடித்துவிட்டது.

பாம்புச்செவிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், பயத்தைவிடப் பொறாமைதான் அதிகம். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது நாற்காலிக்கும் ஒரு வார்த்தை சொன்னார். “வர்றேன் சார். நேரம் கிடைச்சா நம்ம வீட்டுப் பக்கமும் வாங்க.” எல்லோரும் சொல்வதுதானே, வாய் வார்த்தைக்குச் சொல்லிவைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பரணிலிருந்து தன் பழைய ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கர்களையும் இறக்கி டிவியோடு மாட்டினார். ஜன்னலோரம் அவள் உட்காரும் நாற்காலியில் மைக்கை வைத்தார். மெஷின் அளவெடுத்து முடித்தது. கட்டிலில் அவள் பக்கம் வைத்தார். முடித்தது. சமையலறைப் படியிலும் அப்படியே. ஒரு குறையும் சொல்லாமல் வேலை செய்தது அந்தப் பாழாய்ப்போன மெஷின். கடைசியாக, வருகிறவர்களுக்கென்று வாசலருகே போட்டிருந்த ஸ்டூலில் வைத்தார்.

அறையில் இரைச்சல் அதிகம்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “ஏன்டி, உன் நாற்காலியை விட்டுட்டு இங்க எதுக்கு உக்காந்திருக்கே?” என்று கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நிற்கவில்லை. டீ போட்டால் ஸ்டூலுக்கும் ஒரு கிளாஸ் வந்தது. கடைத்தெருக் கதையெல்லாம் ஸ்டூலிடம் கொட்டினார். ஆள் தெளிந்துவிட்டார் என்று கடைக்காரர்கள்கூடப் பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரமே டீச்சரம்மாவிடமிருந்து போன் வந்தது. “தம்பி, நாற்காலியில நானே மைக் வெச்சுப் பார்த்தேன். இரைச்சலே இல்லைங்குது. வீடு வெறிச்சுனு இருக்கு. அவரு அங்க வந்தாரா?”

“இங்க யாரும் வரலையேம்மா,” என்று வாய் முந்திக்கொண்டது. போனை வைத்த பிறகுதான், தான் அந்த மனிதரை வீட்டுக்கு அழைத்தது நெஞ்சில் சுருக்கென்று தைத்தது.

மெதுவாக ஸ்டூலுக்கு எதிரே போய் நின்றார். “சார்… நீங்களா? நீங்கதான்னா கொஞ்சம் சும்மா இருங்க.”

பொத்தானை அழுத்தினார். மெஷின் தடையில்லாமல் அளவெடுத்து முடித்தது. அவளாக இருந்தால் சும்மா இருந்திருக்கவே மாட்டாள், ‘ஏன் இருக்கணும்?’ என்று இன்னும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசியிருப்பாள். நினைத்ததும் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? யாராக இருந்தால் என்ன, வீட்டில் ஒரு துணை. கிளாஸில் டீயை ஊற்றக்கூட ஊற்றிவிட்டார். ஆனால் டீச்சரம்மா ‘வெறிச்சுனு’ என்று சொன்ன குரல் காதை விட்டுப் போகவில்லை. அந்த வெறிச்சை அவருக்குத் தெரியாதா என்ன? எழுந்துபோய் வண்டியின் இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தார்.

“ஏறுங்க சார். டீச்சரம்மா தேடுறாங்க.”

ஆள் ஏறி உட்காரும் நேரம் பொறுத்திருந்து கதவைச் சாத்தினார். பக்கத்து சீட்டில் பெல்ட் போடவில்லை என்று வண்டி வழி நெடுக ‘டிங், டிங்’ என்று அடித்துக்கொண்டே வந்தது. பாம்புச்செவி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

டீச்சரம்மா வீட்டு நாற்காலியில் மைக்கை வைத்துப் பொத்தானை அழுத்தினார். எழுத்து வந்தது. இரைச்சல் அதிகம்.

“சொல்லாம கொள்ளாம எங்க போய்ச் சுத்திட்டு வர்றீங்க?” என்று நாற்காலியை ஒரு பிடி பிடித்த டீச்சரம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இவர் பக்கம் திரும்பினார். “உங்க வீட்டுலயும் அவங்க இருப்பாங்கல்ல தம்பி?”

“இல்லம்மா,” என்றார் பாம்புச்செவி. “எல்லா இடத்துலயும் மைக் வெச்சுப் பார்த்துட்டேன்.”